குளக்கட்டிலிருந்து பிரதேச சபைவரை: விசுவமடுவை முன்வைத்து உள்ளூராட்சியின் சுற்றாடல் நோக்குப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்களிற் பெரும்பாலானவை நீரின் பெயர்களாகும். நிலத்தில் இயல்பாக அமைந்த ஆழ்நீர்நிலை மடு. மண்ணை அணைத்து மனிதன் எழுப்பியது கட்டு. அக்கட்டினை நீர் உடைத்துச் சென்ற இடத்தை முறிப்பு என்பர். இரணைமடு, விசுவமடு, முத்தையன்கட்டு, உடையார்கட்டு, தண்ணிமுறிப்பு என இப்பெயர்களை வரிசைப்படுத்தி நோக்கும் ஒருவருக்கு அப்பிரதேசத்தின் சமூக வரலாறு ஒருவாறு புலப்படும். மடு இயற்கை தந்தது. கட்டும் முறிப்பும் மனித உழைப்பின் வெற்றியையும் தோல்வியையும் சுட்டுவன. பிற்காலத்தெழுந்த தருமபுரம், சுதந்திரபுரம் போன்ற பெயர்களில் நீர் இல்லை. குடியேற்றக் காலத்தின் இலட்சியச் சொற்களே உள்ளன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையே கிடக்கும் விசுவமடு, பெயரால் முதல் வகையையும் பிறப்பால் இரண்டாம் வகையையும் சார்ந்தது. இக்கட்டுரை அவ்வூரை முன்வைத்து எழுதப்படுகின்றது.

உள்ளூராட்சி உறுப்பினர்களுக்குச் சுற்றாடல் பற்றிய அறிவு போதாது என்னும் கருத்து அண்மைக் காலத்தில் அதிகாரிகளிடையேயும் தொண்டு நிறுவனத்தாரிடையேயும் பெருவழக்காகியுள்ளது. அதற்குப் பரிகாரமாக விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. ‘நிலைபேறான சமுதாயம்’ என்னும் தொடர் பதாகைகளில் எழுதப்படுகின்றது. மதிய உணவுடன் கூட்டம் கலைகின்றது. பிரதேச சபையொன்றின் கூட்ட அறிக்கைகளைப் புரட்டுவோர், அங்கு வீதி, வடிகால், தெருவிளக்கு, குப்பை, கட்டாக்காலி மாடுகள் என்பவையே பெரிதும் பேசப்படுவதைக் காண்பர். காடும் ஆறும் குளமும் அங்கு அருகியே இடம்பெறும். இதனை உறுப்பினரின் அறியாமை என்று விளக்குவது எளிது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருத்துநிலை அந்நிறுவனத்தின் கையிலுள்ள அதிகாரத்தினாலும், அதன் வருவாயினாலும், அதில் அமர்ந்திருப்போரின் வர்க்க நிலையினாலும் வரையறுக்கப்படுகின்றது. எனவே, உறுப்பினர் எதனைப் பேசவில்லை என்று கேட்பதற்கு முன்னர், எதனைப் பேசும் உரிமை எக்காலத்தில் எவ்வாறு கிராமத்திடமிருந்து அகன்றது என்று கேட்டல் வேண்டும்.

இவ்வினாவுக்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தொடங்குகின்றது. 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. நிலவுடைமைக் கட்டாய உழைப்பின் முடிவென்ற வகையில் அது முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குளக்கட்டைப் பேணிவந்த கூட்டுழைப்பும் அதனோடு சேர்ந்து வலுவிழந்தது. அதனிடத்தில் வேறோர் ஒழுங்கினைக் குடியேற்ற அரசு உடனே வைக்கவில்லை. இந்தியாவைப் பற்றி 1853 இல் எழுதுகையில், பொதுவேலைகளைக் கைவிட்டமையே பிரித்தானிய ஆட்சி உழவுத் தொழிலுக்கு இழைத்த பெருங்கேடு என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டியமை வன்னிக்கும் ஏற்புடையது. 1840 இன் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவையெனக் கொண்டது. சேனை செய்தவனும் தேனெடுத்தவனும் விறகு பொறுக்கியவனும் அன்றுமுதல் பிறர் காணியில் நின்றவர்களாயினர். இரைன் மாகாணச் சபையில் விறகு திருட்டுச் சட்டம் பற்றி நடந்த விவாதத்தை 1842 இல் விமரிசித்து எழுதியதே தம்மைப் பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் முதலில் ஈர்த்தது என மார்க்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். வன்னிக் காட்டின் கதையையும் அங்கிருந்தே வாசிக்கலாம்.

தேசாதிபதி வார்ட் காலத்தில், 1856 இல், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. வயலுடையோரைக் கூட்டி, பழைய நீர்வழக்காறுகளை அவர்களின் முடிவுப்படி மீளவும் நடைமுறைக்குக் கொணர்வதே அதன் நோக்கம். 1871 இன் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கும் கிராம நீதிமன்றங்களுக்கும் இடமளித்தது. குளம், மேய்ச்சல், வேலி, பாதை ஆகியன பற்றி விதிகள் செய்யும் பொறுப்பு அச்சங்கங்களிடம் இருந்தது. இன்றைய சொல்லில் ‘சுற்றாடல்’ எனப்படுவதன் பெரும்பகுதி அன்று அவற்றின் நிகழ்ச்சி நிரலாயிருந்தது என்பது மனங்கொளத்தக்கது. 1924 இன் சட்டம் இச்சங்கங்களைத் தெரிவு செய்யப்படும் மன்றங்களாக வளர்க்கும் திசையிற் சென்றது.

ஆனால் இதே காலப்பகுதியில் எதிர்த்திசையிலும் ஓர் இயக்கம் நடைபெற்றது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1907 இன் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் காட்டினைத் திணைக்களத்தின் ஆட்சிக்குள் இறுக்கியது. 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1980 இல் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1992 இல் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிய வளச் சட்டம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயங்கள் உண்டு. பெருங்குளத்தைக் கிராமச் சங்கம் கட்டிவிட முடியாது. யானைக்கு வட்டார எல்லை தெரியாது. எனினும் இவற்றை ஒருசேர நோக்குமிடத்து, நீரும் காடும் விலங்கும் மண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமத்தின் நிகழ்ச்சி நிரலிலிருந்து கழன்று கொழும்பு சென்ற வரலாறு தெளிவாகின்றது. குப்பையும் வடிகாலும் எஞ்சின. உறுப்பினர் அவற்றைப் பேசுகின்றார்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழைய கிராமத்தை இலட்சியமயப்படுத்தும் போக்கு நம்மிடையே மிகுதி. குளக்கட்டில் ஐயனார், அதன் கீழ் வயல், வயலின் ஒற்றுமையில் ஊர் என்று எழுதும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. நீராட்சியே கீழைத்தேயக் கொடுங்கோன்மையின் அடித்தளம் என 1957 இல் விற்போகல் வாதிட்டபோது, இலங்கையின் உலர்வலயக் கிராமக் குளங்கள் மத்திய அதிகாரிகளின்றியே பேணப்பட்டன என லீச் 1959 இல் மறுத்தார். மறுப்புச் சரியானதே. ஆனால் புல்எலிய என்னும் சிங்களக் கிராமத்தைப் பற்றி அவர் 1961 இல் வெளியிட்ட நூல், கிராமத்தின் நீர்ப்பங்கீடு நிலப்பங்கீட்டையும் உறவுமுறையையும் விட்டு நீங்காதது என்பதையே பக்கந்தோறும் காட்டுகின்றது. வன்னியிலும் அப்படித்தான். குளத்தின் கீழ் வயலுடையோரே குளம் பற்றிப் பேசினர். வெல்விதானையும் உடையாரும் வந்த குடும்பங்கள் எவை, கூலிக்கு அருவி வெட்டியோர் எவர் என்ற வினாக்களைத் தவிர்த்துக் ‘கிராமத்தின் கூட்டறிவு’ பற்றிப் பேசுவது வரலாறாகாது. கிராமச் சங்கத்தின் சுற்றாடல் நோக்கு நிலமுடையவனின் சுற்றாடல் நோக்கேயாகும்.

விசுவமடுவின் பிறப்பு இந்தப் பழைய வன்னியிலிருந்து வேறுபட்டது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உலர்வலயத்தில் எழுந்த குடியேற்றத் திட்டங்கள் நெல்லையும் விவசாயக் குடும்பத்தையும் மையமாகக் கொண்டவை. கிளிநொச்சிப் பகுதியில் யாழ்ப்பாணத்து மத்திய வகுப்பினருக்கெனப் பெரிய காணிகளும் வழங்கப்பட்டன. அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் வேறு வகையின. படித்து வேலையற்றிருந்த இளைஞரைச் சிறுகாணிகளில் அமர்த்தி, மிளகாய், வெங்காயம் முதலிய உப உணவுப் பயிர்களைச் சந்தைக்கெனச் செய்விப்பதே அவற்றின் நோக்கமாயிற்று. விசுவமடுவும் முத்தையன்கட்டும் இவ்வகையில் வடக்கில் பெயர் பெற்றவை. காடு வெட்டப்பட்டது. நாட்டின் கொள்கை, நாட்டின் கடன், நாட்டின் வேலையின்மை ஆகியன சேர்ந்து அக்காட்டை வெட்டின. உள்ளூர் மன்றம் எதுவும் அதனைத் தீர்மானிக்கவில்லை.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயின் விலை உயர்ந்தது. வன்னியில் உழவு இயந்திரங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் பெருகின, கல்வீடுகள் எழுந்தன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அதே விலை சரிந்தது. ஏழே ஆண்டுகளில் ஓர் ஊர் உயர்ந்து தாழ்ந்த இவ்வரலாறு சுற்றாடல் வரலாறும் ஆகும். விலை உயர்ந்தபோது கிணறு ஆழமாயிற்று, உரமும் கிருமிநாசினியும் மிகுந்தன, காட்டோரம் பின்வாங்கியது. விலை சரிந்தபோது கடன்பட்டவன் காட்டை நோக்கிச் சென்றான். மண்ணைப் பேணும்படி அவனுக்கு அறிவுரை கூறியோர் அவனது விளைபொருளின் விலையைப் பேண முன்வரவில்லை.

இக்காலத்து வன்னியின் வாழ்வை ஆய்வாளரைவிட நாவலாசிரியரே நுட்பமாகக் கண்டனர் என்பது இலக்கிய மாணவன் என்ற முறையில் என் துணிபு. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்பின் காட்டையும் மனிதரையும் பிரிக்கவியலாத ஒன்றாய்க் காட்டியது. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’, வன்னி விவசாயியைச் சுரண்டும் கூட்டணியில் பணக்காரனுடன் அதிகாரியும் இருப்பதைக் கூறியது. அதன் ஆசிரியரே அரச நிருவாகத்திற் பணிபுரிந்தவர் என்பதால் அக்கூற்றுக்குச் சான்று மதிப்பும் உண்டு. அண்மைக் காலத்தில் தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ குடியேறிய தலைமுறையின் உழைப்பைப் பதிவு செய்துள்ளது.

இடதுசாரிகளாகிய நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இங்குண்டு. பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958 இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகை விவசாயிக்கும் நீர், பயிர் முதலியன பற்றிய தீர்மானங்களிற் குரல் உண்டு என்பதனை ஏற்ற முதலாவது சட்ட ஏற்பாடாக அதனைக் கொள்ளலாம். எழுபதுகளின் முற்பகுதியில், இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்த அரசின் காலத்தில், 1972 இன் விவசாய உற்பத்தித்திறன் சட்டத்தின் வழியாகவும் அதனைத் தொடர்ந்த மாற்றங்களின் வழியாகவும் தெரிவு செய்யப்பட்ட குழுவின் இடத்தை நியமிக்கப்பட்ட குழு பிடித்தது. உற்பத்தியை விரைவுபடுத்துதல் என்பது காரணமாகக் கூறப்பட்டது. மக்களின் தெரிவைவிட அரசியல்வாதியின் நியமனம் விரைவானது என்ற பாடத்தைப் பின்வந்த அரசாங்கங்களுக்குக் கற்பித்ததில் நமக்கும் பங்குண்டு.

1980 இன் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தினால் கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் ஒழிந்தன. 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. தீர்மானம் எடுக்கும் பணியில் மக்கள் பயனுறப் பங்குகொள்ள அதிக வாய்ப்பளித்தலே நோக்கமென அச்சட்டத்தின் முகவுரை கூறுகின்றது. முகவுரை அழகானது. ஆனால் விசுவமடு அடங்கும் புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்கு முதலாவது தேர்தல் 2018 பெப்ரவரி 10 ஆம் திகதியே நடைபெற்றது. போர் முடிந்தபின், 2011 இல் வடக்கின் ஏனைய சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று ஆகிய இரண்டும் ஒத்திவைக்கப்பட்டன. கிராம சபை ஒழிந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 37 ஆண்டுகள். 1981 இல் பிறந்த பிள்ளை தன் ஊரின் உள்ளூராட்சிக்கு முதன்முதல் வாக்களித்தபோது அதன் வயது 37.

இந்த இடைவெளியின் பொருளை உணர உலக நிகழ்வொன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1992 இல் இரியோ நகரில் கூடிய பூமி மாநாடு தனது 21 ஆம் நிகழ்ச்சி நிரலின் 28 ஆம் அத்தியாயத்தில், 1996 ஆம் ஆண்டளவில் உலகின் உள்ளூராட்சி மன்றங்களிற் பெரும்பாலானவை தத்தம் மக்களுடன் கலந்தாலோசித்து உள்ளூர்ச் சுற்றாடல் திட்டமொன்றில் உடன்பாடு காணவேண்டுமென்று வகுத்தது. அதே 1996 இல் யூலையில் முல்லைத்தீவுச் சமர் நடந்தது. செப்தெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் பொட்டலங்களுடன் காட்டோரங்களில் இருந்தனர். அன்றைய வன்னியில் காடழிப்புக்குக் கட்டுப்பாடே இருக்கவில்லை எனக் கூறுதல் தவறு. விடுதலைப் புலிகளின் நிருவாகம் வனவளத்துக்கெனத் தனிப்பிரிவை நடத்தி மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு இருந்தது, தெரிவு செய்யப்பட்ட மன்றம் இருக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறாதவிடத்து வரலாறு பக்கச்சார்புடையதாகும். 2009 சனவரியின் இறுதியில் விசுவமடு இராணுவத்தின் வசமாயிற்று. அதற்குமுன்பே மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்திருந்தனர். பதுங்குகுழிகளுக்கெனத் தறிக்கப்பட்ட பனைகளின் கணக்கை எவரும் எடுத்திலர்.

மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியில் மூன்று போக்குகள் உருவாயின. அவற்றுள் முதலாவது காணி சார்ந்தது. மக்கள் இல்லாத ஆண்டுகளில் வயலும் தோட்டமும் பற்றையாகிக் காடாயின; திரும்பி வந்தோர் அங்கு வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டனர். ஏனைய அரச காடுகளை அத்திணைக்களத்தின் பொறுப்பாக்கிய 2001 இன் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2020 இல் இரத்தாக்கப்பட்டது. இரண்டு முடிவுகளும் கொழும்பில் எடுக்கப்பட்டவை. இரண்டாவது உழைப்புச் சார்ந்தது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் விசுவமடுப் பகுதியில் பண்ணைகளை நடத்தி, முன்னாள் போராளிகள் உட்படப் பலரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 2018 யூனில் அதற்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி மாற்றலாகிச் சென்றபோது விசுவமடுவில் மக்கள் மாலையிட்டு அழுது வழியனுப்பிய காட்சி பெரும் விவாதத்துக்குள்ளானது. சிலர் துரோகம் என்றனர். சிலர் நல்லிணக்கம் என்றனர். இரு சாராரும் சம்பளப் பட்டியலைப் பார்க்க மறந்தனர். பிரதேச சபைக்கு உறுப்பினர் தெரிவாகி நான்கு மாதங்களே கடந்திருந்தன. நிலமும் வேலையும் வேறோர் இடத்தில் இருந்தன.

மூன்றாவது மணல். இதுவே இன்று மிகக் கூர்மையான முரண்பாடு. போரில் வீடிழந்தோர் வீடு கட்டவேண்டியிருந்தது. இந்திய உதவியிலான வீட்டுத்திட்டம் தொடக்கம் நெடுஞ்சாலைப் புனரமைப்புவரை யாவும் மணலையும் கிரவலையும் வேண்டி நின்றன. கல்லாறு, நெத்தலியாறு சார்ந்த தருமபுரம், விசுவமடுப் பகுதிகளில் அனுமதியுடனும் அனுமதியின்றியும் மணல் அள்ளப்பட்டது. அகழ்வுக்கான உரிமத்தை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அதற்குரிய அரசிறையும் மத்திக்கே செல்கின்றது. பாரவூர்தி உடைக்கும் ஊர்வீதியைத் திருத்தும் கடமையோ பிரதேச சபையுடையது. முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், சந்தைக் குத்தகை, வியாபார உரிமம் என்பனவே சபையின் சொந்த வருவாயின் முக்கிய கூறுகள். எனவே மணல் அகழ்வு உறுப்பினரின் கண்ணுக்கு முதலில் ஒரு வீதிப் பிரச்சினையாகவே தெரிகின்றது. ஆற்றின் படுக்கை தாழ்வதும் அயற்கிணறு வற்றுவதும் அதன்பின்பே தெரிகின்றன. இதில் அறியாமை சிறிது, பொருளாதாரம் பெரிது. மேலும், ஒப்பந்தகாரரும் வாகன உரிமையாளரும் உள்ளூர் அரசியலிற் செல்வாக்குப் பெறுதல் இலங்கை முழுவதிலும் காணப்படும் போக்காதலின், மணல் பற்றிய மௌனம் சிலவேளை வீதியினாலும் விளக்கப்படாதது. மறுபுறத்தில், இரவில் மண்வெட்டியுடன் ஆற்றிலிறங்குபவன் காணியற்ற கூலியாள். அவனே பிடிபடுகின்றான்.

அக்கூலியாளர் யார் என்பதும் வரலாற்று வினாவே. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தினாலும் 1949 இன் தேர்தல் திருத்தத்தினாலும் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர், எழுபதுகளின் பஞ்சத்தினாலும் 1977 இன் வன்செயலினாலும் வன்னிக்கு வந்தனர். தருமபுரமும் அயலூர்களும் அவர்களின் உழைப்பால் எழுந்தவை. மத்திய வகுப்பினரின் காணிகளிற் கூலிகளாய் உழைத்தவர்களுட் பலருக்கு நீண்டகாலமாகக் காணி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. ‘நிலைபேறான சமுதாயம்’ என்று கூறுகையில் அச்சமுதாயத்தில் இவர்கள் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்று கேளாதிருத்தல் இயலாது. 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு, போருக்குப் பின் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் நிறைந்த இப்பகுதியில் குடிநீரும் விறகும் சபையின் பேச்சுக்குள் வர ஒரு வாயிலைத் திறந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மேலிருந்து வரும் சுற்றாடற் கொள்கை எத்தகையது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியினால் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை பின்வாங்கப்பட்டது. இயற்கை வேளாண்மை என்னும் நற்சொல் அவ்வேழு மாதங்களில் வன்னி விவசாயியிடம் வெறுப்புக்குரியதாயிற்று. எந்தப் பிரதேச சபையிடமும் எவரும் கருத்துக் கேட்டிலர். அதற்கு முன்னர், இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தபோது, அது பிரதேசவாதம் என இகழப்பட்டது. சிறுபோக நீர் போதாத குளத்தின் கீழிருப்பவனின் அச்சத்தை அச்சொல் மறைத்தது. கடைசியில் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் வழி நாடப்பட்டது. அத்திட்டம் 2024 இல் திறக்கப்பட்டது.

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9 ஆம் திகதி நடைபெறவேண்டிய தேர்தல் பணமில்லையெனக் கைவிடப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024 ஓகத்தில் தீர்ப்பளித்தது; 2025 மே 6 ஆம் திகதியே தேர்தல் நடந்தது. இடையிலான ஈராண்டுகளும் நாடெங்கும் சபைகள் செயலாளர்களின் கையில் இருந்தன. அக்காலத்திலும் ஆற்றில் மணல் அள்ளப்பட்டது.

நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழியாக 1856 இலிருந்து தொடரும் பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் வன்னியிற் போகந்தோறும் கூடுகின்றது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது, மாடுகளை எப்போது அகற்றுவது என்பன அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. ஓர் ஊரின் சுற்றாடற் கொள்கை என்று கூறத்தக்கது ஏதேனும் இருக்குமாயின் அது அதுவே. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது அரச அதிகாரி. பிரதேச சபை உறுப்பினரும் அங்கு சென்று கையுயர்த்தலாம். ஆனால் அவருக்கு அக்குளத்தின் கீழ் வயல் இருக்கவேண்டும்.